ஈர விறகு

"உன் அடுப்புப் புகையில என் வெள்ளைத் துணியெல்லாம் கரியாப் போச்சுடி!"

ட்ரீனா ஆற்றுக்கு மேலே அந்த மேட்டில் இருப்பதே இரண்டு வீடுகள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிலேவா வருஷக்கணக்காகப் பாடும் பாட்டு இது. தனிக்கட்டையான தெசங்காவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. கன்றை விற்றுப் புது விறகடுப்பு வாங்கிவிட்டாள்.

மிலேவா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் ஆள் வந்து பொருத்தினான். "பாதி விறகு போதும். புகை கண்ணுக்கே தெரியாது."

மறுநாள் காலையில் அடுப்பு அவன் சொன்னபடியே எரிந்தது. இனியாவது நிம்மதி என்று தெசங்கா காலை நீட்டினாள். கதவு படாரென்று திறந்தது.

மிலேவா. தலையில் கறுப்புத் துணி. கையில், அந்த ஊரில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் காப்பிப் பொட்டலமும் சர்க்கரையும்.

தெசங்காவுக்கு அலுப்பாக வந்தது. "யார் வீட்டுச் சாவுக்குடி கிளம்பிட்டே?"

மிலேவா நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "உன் வீட்டுச் சாவுக்குத்தான்டி, பாவி! விடிஞ்சதுலேருந்து உன் புகைபோக்கியையே பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு பொட்டுப் புகை இல்லையே!"

தெசங்கா புது அடுப்பைக் காட்டினாள். "உன் வாய்க்குப் பயந்துதான் மாத்தினேன்."

சாவுக்கு வந்த காப்பியை அந்த அடுப்பிலேயே போட்டு இருவரும் குடித்தார்கள்.

வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே மிலேவா சொன்னாள்: "நாளையிலேருந்து காலையில ஒரு ஈர விறகையும் சேர்த்துப் போடு."

"துணி கரியாகுமேடி?"

"ஆனா ஆகட்டும். வந்து திட்டிட்டுப் போறேன்."