சாயம் காயாத நோட்டு

ஆரணியில் டாக்டர் அருணாச்சலத்தின் கிளினிக்கில் பில் போடுபவள் தேவிப்ரியா. பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் விக்னேஷ், போன வருஷம் இதே கிளினிக்கில்தான் இறந்துபோனான்.

"விக்னேஷ் பேர்ல இன்னும் பாக்கி காட்டுதே. தள்ளுபடி பண்ணிடும்மா," என்றார் டாக்டர். "பாவம், ஊசின்னாலே நடுங்குவாரு."

"வாணாங்க சார். அவரே கட்டிகினு வராரு."

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டபடி உள்ளே போனார்.

மாதம் தவறாமல் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் ஒரு நூறு ரூபாய் நோட்டு கிடக்கும். ஓரத்தில் காயாத சாயத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. ஒரு மாதம் மயில்கழுத்து நிறம், ஒரு மாதம் அரக்கு. தேவிப்ரியா ரசீது போட்டுவிட்டு, அந்த ஈரத்தின் மேல் தன் விரலைச் சற்று நேரம் வைத்திருப்பாள்.

இன்று வந்த மாம்பழ மஞ்சளோடு பாக்கி தீர்ந்தது. கணக்கை மூடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மூடிவிட்டால் அவன் வர வேண்டிய வேலையே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் பெயரில் புதிதாக ஓர் ஊசியைச் சேர்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. குரல் மட்டும் வந்தது.

"ஊசி வாணாம் ப்ரியா. மாத்திரைன்னு போடு."