மிச்சமிருந்த ஒருவர்

“ஊர்ல இருக்கிற ஓட்டை லேப்டாப்புக்கெல்லாம் வைத்தியம் சொல்ற. உங்கப்பன் லேப்டாப்பைப் பாக்க மட்டும் உனக்கு நேரமே இல்ல!”

அப்பா தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து மகனின் மேஜையில் வைத்தார். வைத்த வேகத்தில் அது ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

மகன் தினமும் மாலை ஏழு மணிக்கு அந்த மேஜையில் உட்கார்ந்து, பழைய கணினிகளை ஓடவைப்பது எப்படி என்று இணையத்தில் நேரலையாகப் பேசுகிறவன். இருந்த வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக இதுதான் பிழைப்பு. பிழைப்பு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

“என்னப்பா பண்ணுது?”

“பிரவுசரைத் திறந்தா கொஞ்ச நேரம் ஓடுது. அப்புறம் திணறுது. அப்புறம் பட்டுனு மூடிக்குது. நேத்து மொத்தமா படுத்திடுச்சு.”

“அப்படி எதைத் திறந்தீங்க?”

“எதைத் திறப்பேன்? உனக்கு வேலை தேடுறேன். இந்த வீட்ல ஒருத்தருக்காவது அந்தக் கவலை வேணாமா?”

மகன் லேப்டாப்பைத் திறந்தான். அப்பா ஒரு தியேட்டரின் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். மகனின் நேரலையைப் பற்றிக் கேட்டால், “காலி நாற்காலிக்குப் படம் ஓட்டுறான்” என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

“மூணு பிரவுசர் எதுக்குப்பா?”

“ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னுதான்.”

மகன் வேண்டாத குப்பைகளைத் துடைத்தான். பின்னணியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவற்றை நிறுத்தினான். முதல் இரண்டு பிரவுசர்களையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டான். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட குழந்தை மாதிரி லேப்டாப் சமர்த்தாக ஓடியது.

“நல்லாத்தானேப்பா இருக்கு?”

“பகல்ல நல்லாத்தான் இருக்கும்” என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா. “பொழுது சாய்ஞ்சாதான் மக்கர் பண்ணும்.”

அப்பா அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு பேச்சை மாற்றினார்.

“வேலைக்குக் கூப்பிட்ட அந்தக் கம்பெனிக்கு நாளைக்கு என்ன பதில் சொல்லப் போற?”

“அதான் அன்னிக்கே சொன்னேனே. ஒரு நாளாவது நாப்பது பேர் பாத்தாங்கன்னா இதையே பண்றேன். இல்லாட்டி வேலைக்குப் போயிடுறேன். இன்னிக்குதான் கடைசி.”

“நேத்து எத்தனை பேர்?”

கேலி செய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்தான். ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

“முப்பத்தெட்டு வரைக்கும் வந்துச்சுப்பா. இன்னும் ரெண்டே பேர். குனிஞ்சு ஒரு ஸ்க்ரூவைக் கழட்டிட்டு நிமிர்ந்து பாக்குறேன், ஒரே ஒருத்தர்தான் மிச்சம். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல எழுந்து போயிருக்கு. அப்படி என்ன தப்பாப் பேசிட்டேன்னு தூக்கமே வரல.”

அப்பா கேலி செய்யவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

“கரன்ட் போயிருக்கும்” என்றார்.

“முப்பத்தேழு வீட்லயும் சேர்ந்தாப்லயா?”

அப்பா தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனார்.

மூன்றாவது பிரவுசர் மட்டும் பாக்கி. மகன் அதைத் திறந்தான். ‘கடந்த முறை சரியாக மூடப்படவில்லை. திறந்திருந்த பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டது. எந்தப் பக்கம்தான் இந்தப் பாடு படுத்துகிறது என்று பார்த்துவிடலாமே என்று அழுத்தினான்.

லேப்டாப் மூச்சு வாங்கியது. மேலே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பக்கங்கள் முளைத்துக்கொண்டே போயின. முதல் பக்கத்தில், நேற்றைய நேரலையில் குனிந்து ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தான் அவன். இரண்டாவதிலும் அவன்தான். மூன்றாவது, நான்காவது, கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றிலும் அவனேதான், ஒலியை அடக்கி வைத்தபடி. மூன்று பிரவுசர்கள் எதற்கு என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றிருந்தார் அப்பா.

“அத்தனை பேரும் நீங்கதானாப்பா?”

“காலியாக் கிடக்கிற தியேட்டருக்குள்ள எவன்டா நுழைவான்?” அவர் குரல் தேய்ந்திருந்தது. “முன்வரிசை நிறைஞ்சிருந்தாத்தான் ரோட்டுல போறவன் எட்டிப் பாப்பான். நேத்து நாப்பதைத் தொட்டுடலாம்னுதான் பாத்தேன். இந்தச் சனியன் கழுத்தறுத்துடுச்சு.”

“நீயுமாம்மா?”

“எனக்கு ஏழு மணிக்கு சீரியல்டா” என்றாள் அம்மா குற்ற உணர்ச்சியோடு.

எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் பேசியிருக்கிறோம் என்று நினைத்ததும் மகனுக்குக் கண் கலங்கியது. அப்பாவின் மேல் கோபம்கூட வரவில்லை. எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக மூட மவுஸை நகர்த்தினான்.

“நாளைக்கு வேலைக்கு வர்றேன்னு சொல்லிடுறேன்பா.”

அப்பா அவன் கைமேல் தன் கையை வைத்தார்.

“போறதும் போகாததும் உன் இஷ்டம். ஆனா இன்னிக்கு ஏழு மணிக்கு வந்து உட்காந்துடு. நேத்து இது மொத்தமா படுத்ததுக்கு அப்புறமும் ஒருத்தர் எழுந்து போகலைன்னு சொன்னியே,” என்றார், “அது நான் இல்லடா.”