பலகையில் எழுபத்திரண்டு

பலகையில் அதுவரை வந்த மாணவர்கள் எல்லோரும் எழுபத்திரண்டு என்றே எழுதியிருந்தார்கள்.

அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மருத்துவக் கல்லூரியில் நாடி பார்க்கும் பயிற்சி. ஆசிரியையான அவள் தன் கையைத்தான் கொடுத்திருந்தாள். ஒவ்வொருவராக வந்து மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எத்தனை துடிப்பு, சீராக இருக்கிறதா என்று பலகையில் எழுத வேண்டும்.

ஒரே கைதான். ஆனாலும் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

இங்கே கூடவுமில்லை, குறையவுமில்லை. எழுபத்திரண்டு, சீராக இருக்கிறது. எழுபத்திரண்டு, சீராக இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் இருக்கும் எண்.

உடலியங்கியல் வகுப்பை இந்த ஆண்டு அவள்தான் மாற்றியிருந்தாள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுவதை நிறுத்தினாள். முதலில் உடம்பைத் தொடட்டும், புத்தகம் பிறகு என்றாள். அதிலும் ஒருவரைப் பார்த்து ஒருவர்தான் எழுதுவார்கள் என்று துறைத்தலைவர் சிரித்தார்.

அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

கடைசியாக இசக்கிராஜ் வந்தான். பின்வரிசைக்காரன். வகுப்பைச் சிரிக்க வைப்பதே அவனுக்கு வேலை.

விரல் வைத்தான். நிமிடம் முடிந்தும் எடுக்கவில்லை. பிறகு போய் அறுபத்து நான்கு என்று எழுதினான்.

பக்கத்தில், சீராக இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவளை உறுத்தியது. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்களோ?

திரும்பப் பார்க்கச் சொன்னாள். குரலில் கடுமை இருந்தது.

பார்த்தான்.

“நடுவுல நடுவுல ஒண்ணு விட்டுப்போவுது மேடம்.”

நிமிராமலே சொன்னான். விளையாடுகிறவன் முகம் இப்படி இருக்காது.

அவள் தன் மணிக்கட்டில் தானே விரல் வைத்தாள். எத்தனையோ பேருடைய நாடியைப் பார்த்த விரல். தன்னுடையதைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைவில்லை.

துடித்தது. துடித்தது.

ஒன்றுமில்லை.

துடித்தது.

மாடி ஏறி வந்ததால் இருக்கும். காலையில் குடித்த காப்பியாக இருக்கும். இப்போது தன் விரலையே அவளால் நம்ப முடியவில்லை.

வேறு யாருக்காவது இப்படித் தெரிந்ததா என்று கேட்டாள்.

முன்வரிசையில் பெனிட்டா மெதுவாக எழுந்தாள். பலகையில் முதல் எழுபத்திரண்டை எழுதியவள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சுது மேடம். எங்களுக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சிட்டோம்.”

அவள் எழுந்து போய்ப் பலகையைத் துடைத்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்து, கையை மேசைமேல் நீட்டினாள். முதலிலிருந்து வரச் சொன்னாள்.

பெனிட்டா வந்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

இந்த முறை உதடு அசைய எண்ணினாள். ஓரிடத்தில் உதடு நின்றது. பிறகு அசைந்தது. மறுபடி நின்றது.

நிமிடம் முடிந்தது.

பெனிட்டா பலகைக்குப் போகவில்லை. கையையும் விடவில்லை.