இலவச வக்கீலுக்கு ஒரு விண்ணப்பம்

“ஓடிபி வச்சிந்தா அக்கா?” என்று மூன்றாவது தடவையாகத் தெலுங்கில் கேட்டாள் ஜெராக்ஸ் கடைப் பெண் பிந்து.

வரவில்லை. கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டவர் நான்கு கோடும் நிறைந்துதான் இருந்தது.

அவளுடைய கணினித் திரையில் பத்து நிமிடம் குறைந்துகொண்டே வந்து ஏழில் நின்றது, பிறகு ஆறானது. அதற்குள் ஆறு எண்களையும் போடாவிட்டால் விண்ணப்பத்தை முதலிலிருந்து நிரப்ப வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸ் என்னை என்னென்ன செய்தார் என்று, முன்பின் தெரியாத இந்தப் பெண்ணிடம் அரைகுறைத் தெலுங்கில் சொல்லி முடித்திருந்தேன். இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கழுத்தில் துப்பட்டாவை இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். மார்ச் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பாதிப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள், யாரும் ஏனென்று கேட்பதில்லை. அடியில் நான்கு விரல்களின் தடம் இருந்தது.

அடுத்த தடவை பாதியில் விடமாட்டேன் என்று நேற்றுக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார். சொன்னதைச் செய்கிறவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

கச்சிபௌலியிலிருந்து பேகம்பேட் வரை நான் வந்தது லலிதா மேடத்தைப் பார்க்க. ஓர் அறக்கட்டளையின் வக்கீல். பணம் வாங்க மாட்டார், நாம் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதிக்கொள்வார் என்று எங்கள் அபார்ட்மெண்ட்டில் சமையல் செய்கிற அக்கா சொல்லியிருந்தார்.

கதவில் பூட்டும் ஒரு தாளும்தான் இருந்தன. நிதி நின்றுவிட்டதால் அலுவலகம் மூடப்படுகிறது, இலவச வக்கீல் தேவைப்படுவோர் இணையதளத்தில் விண்ணப்பிக்கவும்.

கீழ்த்தளத்தில் இன்னொரு வக்கீல் இருந்தார். அவர் கேட்ட முன்பணத்தைக் காதில் வாங்கியதுமே எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட ஃபெலிக்ஸ் போனிலிருந்துதான் பணம் போகும்.

அதனால்தான் இந்த ஜெராக்ஸ் கடை.

ஆதாரோடு இணைத்த நம்பர் இதுதானே என்று கேட்டாள் பிந்து. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பாதியிலேயே தலை நின்றது.

தூத்துக்குடியிலிருந்து இங்கே குடிவந்த புதிதில், மொழி தெரியாத ஊரில் நான் அலையக் கூடாதென்று ஆதார் முகவரி மாற்றம், கேஸ், வங்கி எல்லாவற்றையும் அவரே ஓடியாடி முடித்தார். மாப்பிள்ளை எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். நான் ஒரு அசடு. எல்லாப் படிவத்திலும் அவர் எழுதிக்கொடுத்தது அவருடைய நம்பரை.

நிறுத்து, எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். தெலுங்கும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

திரையில் இரண்டு நிமிடம் இருந்தபோது மேசைமேல் என் போன் அடித்தது. ‘மை ஹஸ்பெண்ட்’ என்று அவரே பதிந்துவைத்த பெயர். நான் எடுக்காமல் நிற்பதைப் பார்த்து, நேரம் போகிறதே என்ற அவசரத்தில் பிந்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“ரோஸ்லின், ஓடிபி ஒண்ணு வந்துருக்கு. ஏதோ சட்ட உதவியாம்ல. சொல்லட்டா?”

கோபமே இல்லாத குரல்.

ஒவ்வோர் எண்ணாக ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கடைசி எண்ணை இரண்டு தடவை சொன்னார். பிந்து கூடவே அடித்தாள். பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. நல்ல சார் என்பதுபோல என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

பிரிண்டரிலிருந்து ரசீது வந்தது. பதினைந்து வேலை நாட்களுக்குள் வக்கீல் நியமிக்கப்படுவார் என்று அதில் இருந்தது.

வீட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் பாப்பாவின் பள்ளி அவர் ஆபீசுக்கு எதிரில்தான். விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவருக்குத் தெரியாமல் சேர்த்துவைத்த சில நூறு ரூபாயில் இப்போதே ஆட்டோ பிடித்தால், அவர் இறங்கி வருவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடலாம். ரசீதை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு போனை அணைக்கப் போனேன்.

“மம்மி, டாடி ஏர்லியா வந்து பிக்கப் பண்ணிட்டாங்க!” என்றாள் பாப்பா, இன்னும் துண்டிக்காத அந்த ஸ்பீக்கரிலேயே.

அவர் கூப்பிடுவதற்கு எட்டு நிமிடம் முன்னாலேயே ஓடிபி அவருக்குப் போயிருந்தது.