ரிவால்வர் பில்லிங்ஸ் போகிறது

அப்பா ரிவால்வரைத் துடைத்துத் துணியில் சுற்றி என் தங்கை லோரீனின் கையில் கொடுத்தபோதே எனக்குச் சுருக்கென்றது.

மூத்தவன் நான். நாற்பத்தாறு வயது. குத்துக்கல்லாட்டம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அது அழகுக்கு வைத்த சாமான் இல்லை. கொள்ளுத்தாத்தா மொன்டானாவுக்கு மாடு ஓட்டிவந்தபோது இடுப்பில் இருந்தது. பிறகு தாத்தா, பிறகு அப்பா. வெறிபிடித்த நரியா, கால் முறிந்த குதிரையா, எல்லாவற்றுக்கும் அதுதான். ராத்திரி சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்கும். விடிந்தால் அப்பாவின் இடுப்புக்கு ஏறிவிடும். அப்பன் கழற்றினால் மூத்த பிள்ளை கட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் வழக்கம்.

"இனிமே இது வேலைக்கு ஆகாதும்மா. வயசாயிடுச்சு. உன் வீட்டுல கண்ணாடிப் பெட்டியில வெச்சுக்க," என்றார் அப்பா.

எதற்கு வயதாகிவிட்டது? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் வேலிக்கம்பத்தின் மேலிருந்த பீர் டப்பாவை அதே ரிவால்வரால் ஒரே வெடியில் பறக்கவிட்டார். விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண் வேறு சிமிட்டினார்.

லோரீன் என் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். காபியைக் கலக்கினாள், கலக்கினாள், கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் காபிக்குச் சர்க்கரை போடுகிறவளே இல்லை.

வெளியே அவள் புருஷன் டுவைட் பனியில் வழுக்கி வழுக்கி நடந்து, எங்கள் இரண்டு ரைபிளையும் ஷாட்கன்னையும் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பில்லிங்ஸ் நகரத்தில் மூக்குக்கண்ணாடி விற்கிறவன். மாட்டைக் கண்டால் காருக்குள் ஏறிக்கொள்கிறவன். அவனுக்கு மூன்று துப்பாக்கி!

"அதுக்கெல்லாமும் வயசாயிடுச்சாக்கும்?" என்றேன்.

"சுத்தம் பண்ணணும்."

"மாடு கன்னு போடுற நேரத்துல நரி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கத்துவோம்," என்றார் அப்பா.

கத்துவாராம். யாரிடம் காது குத்துகிறார்?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்றைக்குத் துப்பாக்கி, நாளைக்கு நிலம். பெண்டாட்டி கரோல் நவம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதும் அப்பன் வீட்டுப் பழைய அறைக்கே வந்து சுருண்டுகொண்டவன் எதற்கு லாயக்கு? மூன்று பேரும் கூடிப் பேசி என்னைக் கழற்றிவிட்டார்கள்.

லோரீன் கிளம்பும்போது வந்து என் தோளைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

"நல்லா நடிக்கிறடி," என்று உதறினேன்.

அவள் அழுதுகொண்டே போய் வண்டியில் ஏறினாள். எனக்கு அதுவும் நடிப்பாகத்தான் பட்டது.

வண்டி மறையும்வரை காத்திருந்தேன். "நேரா சொல்லுங்கப்பா. நிலத்தையும் அவங்களுக்கே எழுதியாச்சா?"

அப்பா இடுப்பிலிருந்து ரிவால்வரின் காலி உறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்த ரிவால்வர்ல குண்டு போட ஆறு ஓட்டை. நாம எத்தன குண்டு போடுவோம்?"

இதென்ன கேள்வி? ஐந்து. எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளையும் சொல்லும். பழைய காலத்து ரிவால்வர். குண்டைத் தட்டுகிற சுத்திக்கு நேரே குண்டு இருந்தால், கைதவறி விழுந்தாலே வெடித்துவிடும். அதனால் ஓர் ஓட்டையைக் காலியாக விட்டு, சுத்தியை அதன்மேல் இறக்கி வைப்போம். சுத்தியைப் பின்னுக்கு இழுத்தால் குண்டு போடுகிற உருளை ஓர் ஓட்டை நகரும். குண்டு நேருக்கு வந்து நிற்கும்.

"செவ்வாக்கிழமை காலையில எடுத்துப் பாக்கறேன், சுத்திக்கு நேரா குண்டு இருக்கு," என்றார். "யாரோ ராத்திரி இழுத்திருக்காங்க. அப்புறம் மெதுவா இறக்கி, திரும்ப ஆணியிலயே மாட்டியிருக்காங்க. இந்த வீட்டுல நாம ரெண்டே பேருதான்டா ராய்ஸ்."

அப்பா குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை ராத்திரி அதை இழுத்து, இறக்கி, திரும்ப மாட்டியவன் நான்தான். உருளையைத் திருப்பி வைக்கத் தோன்றவில்லை.

"கொட்டகைப் பக்கம் ஒரு பாம்பு வந்துச்சுப்பா," என்றேன்.

"ஜனவரியிலயா? முழங்கால் பனியிலயாடா?"



அப்பா எழுந்து என் அறைக்குள் போனார். கட்டில் கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தால், எழுபத்துநாலு வயதில் என் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறார்.

"வேடிக்கை பாக்காம அந்தப் பக்கம் பிடிடா. என் ரூம்ல போடுவோம்."