காதுக்குக் குளிர்ச்சி

"ஏனுங்க, சாப்புட்டீங்களா?"

"இன்னும் இல்ல சாமி. என்ன செஞ்ச?"

"கொள்ளுக் கடைசலும் ரசமும்."

"சொல்லாத புள்ள, எச்சி ஊறுது" என்றான் மணிமாறன் போனில். "இங்க வெயிலு மண்டையப் பொளக்குது."

"நெழலாப் பாத்து இருங்க."

"டேங்க் ஓரத்துலதான் குந்தியிருக்கறேன்."

அன்புச்செல்வி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கொள்ளுச் சட்டியில் மத்தைச் சுழற்றினாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆனவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முகத்தில் அப்படியொரு புதுப்பெண் களை.

மணிமாறன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு, தீபாவளிக்கோ ஊர் மாரியம்மன் நோம்பிக்கோதான் வீடு. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். அன்புச்செல்விக்குத் தூரத்துப் புருசன் காதுக்குக் குளிர்ச்சி.

கிட்டே வந்தால்தான் வினை. கம்ப்ரசர் பக்கத்தில் நின்று கத்திப் பழகிய தொண்டை அது. "தண்ணி கொண்டா" என்றாலே நாலு வீடு தள்ளி நாய் குரைக்கும். அவளுக்கோ எல்லாமே திட்டு மாதிரி கேட்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் இன்னும் கத்துவான். போன தீபாவளிக்குப் பலகாரச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, சேந்தமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். பெரியவர்கள் பேசித் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

"இன்னொருக்கா மல்லுக்கட்டுனீங்கன்னா ரெண்டு பேரத்தையும் பிரிச்சு அத்து உட்டுருவோம்" என்று மாமியார் மயிலம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதை நினைத்தால் அன்புச்செல்விக்குத் தூக்கமே வராது. அந்தக் கத்துகிற மனுசன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

"ஏனுங்க, இந்தத் தடவ நாம சண்டையே போடக்கூடாதுங்க."

"நானா போடறேன்? உம்மூஞ்சிதான் போடுது."

"ஆமா, உங்க தொண்டை ரொம்பச் சாது."

இருவரும் சிரித்தார்கள்.

"போன்ல உங்க கொரலு எவ்வளவு நல்லாருக்குது தெரியுங்களா? ரொம்பக் கத்துனீங்கன்னா சத்தத்தக் கொறச்சு வெச்சுக்குவேன்."

"எனக்கும் நிம்மதி. உம்மூஞ்சி தெரியறதில்ல பாரு."

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மயிலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "காலையில இருந்து போனு! இந்தக் கூத்த வெளிய சொன்னா ஊரே சிரிக்கும்!"

"அம்மா என்னத்துக்குச் சத்தம் போடுது?"

"அத்தைக்குப் பொறாமைங்க. உங்கப்பா ஒரு நாளாவது அவங்ககிட்ட இப்படிப் பேசியிருப்பாரா?"

கடைசலைத் தாளித்தாள். கடுகும் வரமிளகாயும் வெடித்தன.

"வாசம் இங்க வரைக்கும் வருது புள்ள."

"வரட்டும், வரட்டும்."

தட்டைக் கழுவி வைத்துச் சோற்றைப் போட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மாமா... எப்ப வாரீங்க?"

"வந்தா சண்டை வந்துருமோன்னு பயமா இருக்குது சாமி" என்றான். நிஜமாகவே பயந்திருந்தான்.

"வராதுங்க. போன மட்டும் கட் பண்ணாம வாங்க."

மொட்டைமாடிப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லீவில் வந்து ஒரு வாரமாகியிருந்த மணிமாறன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே இறங்கி வந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

இரண்டடி பின்னால் கரண்டியோடு நின்ற அன்புச்செல்வி போனில் கேட்டாள்: "ஏனுங்க, கடைசல் ஊத்தட்டுங்களா?"