படத்தில் இருந்த அறை

"அது பச்சை இல்லை, நீலம். நான் சொல்றதைக் கேளுங்கோ," என்றாள் எமிலியானா.

"கறுப்பு வெள்ளைப் படத்தில உனக்கு மட்டும் எப்பிடி நீலம் தெரியுது?" ஏணியில் நின்றபடி அவள் கணவன் பீலிக்ஸ் கேட்டான்.

அவள் கைப்பேசியில் இருந்தது அறுபது வருடப் பழைய படம். அகலக் கோடு போட்ட சுவர், கண்ணாடிச் சரவிளக்கு, சன்னலோரம் உயர்ந்த முதுகு வைத்த கதிரை. கதிரையில், கழுத்தில் லேஸ் வைத்த சட்டையோடு, இருபது வயது சின்யோரா நுன்சியா.

இப்போது எண்பத்தொன்றைத் தாண்டிவிட்ட அந்த சின்யோராவைத்தான் எமிலியானா நான்கு வருடமாகக் கவனித்து வருகிறாள். இத்தாலியின் பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னாலிருந்த அவரது பழைய வீட்டிலேயே, சமையலறைக்குப் பக்கத்து அறையில் கணவனும் மனைவியும் தங்கியிருந்தார்கள். போன மாதம் சின்யோரா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்கு அனுப்பத்தான் வடக்கே தூரின் நகரில் இருந்த மகன் எத்தோரே யோசித்தார்.

"ஆனால் மம்மா வீட்டுக்குப் போகவேணும் எண்டு அழுகிறா," என்று அவரே பிறகு எமிலியானாவிடம் தொலைபேசியில் சொன்னார். "கலியாணம் முடிச்ச புதுசில, நான் பிறக்க முந்தி, முன்னறையில எடுத்த படம் எண்டு ஒண்டு வைச்சிருக்கிறா. வட்ஸ்அப்பில அனுப்புறன். அறையை அதே மாதிரி ஆக்கித் தர ஏலுமோ? அறுநூறு யூரோதான் தரலாம். அங்கை அவவுக்கு மனம் பொருந்தினால் வீட்டிலேயே இருக்கட்டும்."

பொருந்தாவிட்டால் எமிலியானாவுக்கு வேலையும் இல்லை, இருக்க அறையும் இல்லை. வேலைக் கடிதம் இல்லாமல் அவளது பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதியையும் புதுப்பிக்க முடியாது.

முன்னறை முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகி, சுவர் பொருக்குப் பொருக்காய் உரிந்திருந்தது. பீலிக்ஸ் பெயின்ற் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை விட்டு வந்த பின்னேரங்களிலும் சுவரைச் சுரண்டினான்.

"பழைய நிறத்தைப் பிடிக்கலாம் எண்டு பாத்தன். கீழை வெறும் வெள்ளைச் சுண்ணாம்புதான். கோடு ஒண்டையும் காணேல்லை."

"அது ஒட்டின தாளாய் இருந்திருக்கும். உரிச்சுப்போட்டிருப்பினம்."

நீலமா பச்சையா என்ற சண்டையைப் பெயின்ற் கடைக்காரன் தீர்த்துவைத்தான். யாரோ பிழையாகக் கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன பச்சை, அரை விலைக்குக் கிடைத்தது. பீலிக்ஸ் டேப் ஒட்டி ஒட்டி இரண்டு பச்சையில் கோடு இழுத்தான். எமிலியானா முழங்காலில் நின்று, வினாகிரியும் பிரஷ்ஷுமாகத் தரைக் கற்களைத் தேய்த்தாள். ஆறாவது வாளித் தண்ணீரில், கல்லில் வரைந்திருந்த சிவப்புப் பூக்கள் வெளியே வந்தன. "இஞ்சை வந்து பாருங்கோ!" என்று அவள் கத்தியதில் பீலிக்ஸ் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.

கதிரை, வுச்சீரியாச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் கிடைத்தது. மூன்று கால்தான். நான்காவதைப் பீலிக்ஸ் செய்தான். சரவிளக்குக்குப் பீலிக்ஸின் கூட்டாளி அகஸ்ரின் வழிகாட்டினான். அவன் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். முதலாளி கழற்றி எறிந்ததைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"மூண்டு தரம் கழுவீட்டன். இன்னும் மீன் மணக்குது," என்றாள் எமிலியானா.

"உயரத்திலதானே தொங்கப்போகுது. ஆர் போய் மணந்து பாக்கிறது?" என்றான் பீலிக்ஸ். முகட்டில் கொக்கி இருந்த அடையாளமே இல்லாததால் புதிதாகத் துளை போட்டுத்தான் மாட்டினான்.

சனிக்கிழமை காலை எத்தோரே தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்.

சின்யோரா வாசலிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். சுவரைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். சன்னலோரக் கதிரையை நெடுநேரம் பார்த்தார். பீலிக்ஸ் தன் விரலில் ஒட்டியிருந்த பச்சையைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"என்னை அந்தக் கதிரையில இருத்துங்கோ," என்றார் சின்யோரா.

எமிலியானாவும் பீலிக்ஸும் தாங்கிப் பிடித்து இருத்தினார்கள். அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"மம்மா, முந்தி இருந்த மாதிரியே இருக்கோ?"

"இப்பிடியேதான் இருந்தது." சின்யோரா இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார். "நான் இனி இஞ்சையிருந்து ஒரு இடமும் போகமாட்டன்."

எத்தோரே பீலிக்ஸைக் கட்டிப்பிடித்தார். "இனி இல்லம் எண்ட கதையே இல்லை. எமிலியானா, திங்கட்கிழமை உன்ரை வேலைக் கடிதத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டுத்தான் போவன்," என்றார். பிறகு அவரும் பீலிக்ஸுமாகக் காரிலிருந்த பெட்டிகளை எடுக்கக் கீழே இறங்கினார்கள்.

எமிலியானா சிலுவை போட்டுக்கொண்டாள். சின்யோரா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"எல்லாம் சரி. நிறம் மட்டும் பிழை. சுவர் மஞ்சள்."

"ஐயோ சின்யோரா! அவரிட்டை மஞ்சளாய் மாத்தச் சொல்லட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். மஞ்சள் அவவுக்குப் பிடிச்ச நிறம். எனக்குப் பச்சைதான் பிடிக்கும்."

"ஆருக்குப் பிடிச்ச நிறம்?"

"என்ரை சின்யோராவுக்கு," என்றார் கிழவி, குரலைத் தாழ்த்தி. "கலியாணத்துக்கு முந்தி நான் அவவின்ரை வீட்டில வேலைக்கு நிண்டனான். அது இந்த வீடில்லை. அவ கடல் குளிக்கப் போயிருந்த ஒரு நாள், அவவின்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு, அவவின்ரை கதிரையில இருந்து எடுத்த படம் அது."